போட்ட குழாயை எடுப்பது எப்போது? சிறுநீர்க் குழாயின் ஈராயிரம் ஆண்டுக் கதை

(மூத்தோர் பராமரிப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பணி ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் டாக்டர்களும் தாதியரும். நான் இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் போதித்தவன். சிறுநீர்க் குழாயைப் பற்றிப் பேச இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை என் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாய்மாமா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பிரட்டுக்கு நின்று, காண்டாவில் வாளியை மாட்டி, வாழ்நாளின் பெரும்பகுதியை வெட்டுக்காட்டில் கழித்தவர். எழுபத்து நான்கு வயதில் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்றே சிறுநீர் போகக் குழாய் போட்டார்கள். அன்று அது தேவைதான். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது குழாயும் பையும் அவரோடு வந்தன. 'எடுப்பது எப்போது?' என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. குழாயை மாற்ற மட்டும் கிளினிக்குக்குப் போய் வந்தோம்.

எட்டாவது மாதம், ஓர் இரவில் பையில் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லைப் போல் ஆனது. விடிவதற்குள் குளிர் நடுக்கம், காய்ச்சல், பிதற்றல். மருத்துவமனையில் குழாயை உருவியபோது அதன் நுனியில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைப் படிவம் அடைத்துக்கொண்டிருந்தது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டு வாரம் உயிருக்குப் போராட்டம். பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது. வார்டில் ஓர் இளம் பெண் டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இவருக்கு இந்தக் குழாய் எதற்காகப் போட்டது?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு நாள் பார்ப்போம் என்று குழாயை எடுத்தார்கள். மாமா தானாகவே சிறுநீர் கழித்தார்! பிறகு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். குழாய் இல்லாமல்தான் வாழ்ந்தார். அப்படியானால் அந்த எட்டு மாதங்களில் எத்தனை மாதம் அந்தக் குழாய் வீணாக உள்ளே இருந்தது? கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினேன்.

அந்த உறுத்தலில்தான் இந்தக் குழாயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நெய் தடவிய குழலும் பொம்பேயின் வெண்கலமும்

சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஏற்படும் வேதனை மனிதனுக்குப் புதிதன்று. நம் நாட்டு மருத்துவ மரபில் சுசுருதர் பெயரால் வழங்கும் சம்ஹிதை, உள்ளே துளையுள்ள குழல் கருவிகளைத் தனி வகையாகவே பேசுகிறது. சிறுநீர் வெளியேறும் வாய் சுருங்கிப் போனவர்களுக்கு இரும்பிலோ மரத்திலோ அரக்கிலோ செய்த குழலை நெய் தடவிச் செலுத்தி, மூன்று நாளுக்கு ஒருமுறை சற்றுப் பெரிய குழலாக மாற்ற வேண்டும் என்பது அதில் வரும் வைத்திய முறை.

கதீட்டர் என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கீழே இறக்குதல், உள்ளே செலுத்துதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பெயர் அது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பே நகரைத் தோண்டியபோது, மருத்துவக் கருவிகளோடு வளைந்த வெண்கலக் கதீட்டர்களும் கிடைத்தன. அதே முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், ஆண்களுக்கு மூன்று அளவும் பெண்களுக்கு இரண்டு அளவும் வைத்திருக்க வேண்டும் என்று விரற்கடைக் கணக்கோடு எழுதி வைத்தார். ஆண்களுக்கு 15, 12, 9 விரற்கடை. பெண்களுக்கு 9, 6.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் நேயர்களே. இவை பெரும்பாலும் உள்ளே விட்டு, நீரை இறக்கிவிட்டு, உடனே வெளியே எடுக்கும் கருவிகள். வெண்கலக் குழலை உள்ளேயே வைத்துக்கொண்டு யாரால் நடமாட முடியும்? மிக நீண்ட காலத்துக்குக் கதீட்டர் என்பது வந்து போகும் விருந்தாளி. அது வீட்டோடு தங்கிய கதை பின்னால் வருகிறது.

தம்பி செய்து கொடுத்த குழாய்

மின்னலையும் பட்டத்தையும் வைத்து ஆராய்ச்சி செய்த பெஞ்சமின் பிராங்கிளினை நமக்குத் தெரியும். அவருடைய அண்ணன் ஜான், பாஸ்டனில் சிறுநீர்ப்பைக் கல்லால் துன்பப்பட்டார். விறைப்பான உலோகக் குழலைச் செலுத்தும்போதெல்லாம் நரக வேதனை. 1752 டிசம்பரில் பிராங்கிளின் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வளையக்கூடிய குழாய் ஒன்றை யோசித்ததாகவும், உடனே வெள்ளி வேலை செய்பவரிடம் போய், வேலை முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கியதாகவும் அதில் சொல்கிறார். வெள்ளிக் கம்பியைச் சுருட்டிக் குழலாக்கி, மேலே மெல்லிய குடல்தோலைப் போர்த்தும் ஏற்பாடு அது.

உடன்பிறந்தவரின் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் பட்டறையில் போய் உட்கார்ந்த தம்பி! பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒரு குடும்பக் கதை இருப்பது வரலாற்றில் அடிக்கடி காண்பதுதான். பிராங்கிளினையும் முதுமையில் அதே கல் வாட்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து வந்தது ரப்பர். காய்ச்சிய ரப்பரில் கந்தகம் சேர்த்தால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டார். அந்த ரப்பரில் பிரான்சின் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் நெலட்டன் மிருதுவான சிவப்புக் குழாயை உருவாக்கினார். இத்தாலிய வீரர் கரிபால்டியின் காலில் தைத்த குண்டை 1862இல் கண்டுபிடிக்க உதவியவரும் இவரே. பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த சாரியேர் என்பவர் குழாயின் தடிமனுக்கு ஓர் அளவை வகுத்தார். ஒரு மில்லிமீட்டரை மூன்றாகப் பிரித்தால் ஓர் அலகு. இன்றும் குழாயின் உறையில் 14, 16 என்று போட்டிருப்பது அந்த அளவுதான். 16 என்றால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய முதியவர்கள் பலர் தங்கள் கதீட்டரைத் தொப்பியின் உள்மடிப்பிலும் கைத்தடியின் பொந்திலும் மறைத்துக் கொண்டுபோவார்களாம். சிறுநீர் வராதபோது எடுத்து, எச்சிலிலோ எண்ணெயிலோ நனைத்துச் செலுத்திக்கொள்வார்கள். பிறகு காய்ச்சல் வரும். சிலர் பிழைப்பார்கள், சிலர் இறப்பார்கள். 1880களில் ஆங்கில மருத்துவர்கள் இதற்கு 'கதீட்டர் காய்ச்சல்' என்றே பெயர் வைத்தார்கள். கருவி மிருதுவாகிவிட்டது, அதில் ஏறிவந்த கிருமி மட்டும் அப்படியே இருந்தது.

மலாயாவின் பாலும் போலியின் பலூனும்

இனி வருவது நம் ஊர்க் கதை.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் தலைமுறை மரம் ஒன்றை அங்கே இன்றும் காட்டுகிறார்கள். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். சட்டைப்பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளைத் துரத்திய அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வைத்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராகவே நட்டார். அதன் பிறகு கப்பல் கப்பலாக யார் வந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1930களில் உலகின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும் பங்கு மலாயாவிலிருந்தும் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியாவிலிருந்தும் போனது. ரப்பர் பால் கட்டியாகிவிடாமல் அமோனியா கலந்து, திரவமாகவே கப்பலேற்றும் முறையும் அப்போது பரவியிருந்தது. அச்சைப் பாலில் தோய்த்தெடுத்து, மெல்லிய சுவருள்ள குழாயையும் கையுறையையும் ஒரே உருவாகச் செய்ய முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிரெடரிக் போலி என்ற சிறுநீரியல் மருத்துவர் ஒரு யோசனையில் இருந்தார். குழாய் நழுவி வெளியே வராமல் உள்ளேயே நிற்க என்ன வழி? அதுவரை பிளாஸ்திரியால் ஒட்டியும் நூலால் கட்டியும் பார்த்தார்கள். குழாயின் நுனிக்கருகே ஒரு சிறு ரப்பர் பலூனை வைத்து, உள்ளே போனதும் தண்ணீரால் ஊதிவிட்டால்? அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிராஸ்டேட் பகுதியில் இரத்தக் கசிவை அழுத்தி நிறுத்தத்தான் முதலில் அதை நினைத்தார். 1935இல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தில் காட்டினார்.

ஆனால், காப்புரிமை அவருக்குக் கிடைக்கவில்லை! ரப்பர் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பால் ரைச்சி என்பவர் அவருக்குச் சில மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பம் போட்டுவிட்டார். போலி மேல்முறையீடு செய்து ஒரு சுற்றில் வென்றார், முடிவில் தோற்றார். உரிமை ஒருவருக்கு, பெயர் மற்றவருக்கு. இன்றும் உலகம் முழுக்க அதற்குப் 'போலி கதீட்டர்' என்றுதான் பெயர். தமிழில் 'போலி' என்றால் வேறு பொருள். அதற்கு அந்த மனிதர் பொறுப்பல்ல.

விருந்தாளி வீட்டோடு தங்கிய கதை இப்படித்தான் தொடங்கியது. பலூன் வந்த பிறகு குழாயை எடுக்க அவசரம் இல்லை. நோயாளியைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோக வேண்டாம். படுக்கை நனையாது. தாதியருக்கு வேலை மிச்சம். ஒரு நாள் என்பது ஒரு வாரமானது, வாரம் மாதமானது.

போர்க்களத்தில் கிடைத்த பாடம்

முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்களில் பத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள் என்பது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு. பலரைக் கொன்றது எதிரியின் குண்டு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் அவர்களை முடித்தன. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவரால் சிறுநீரை அடக்கவும் முடியாது, கழிக்கவும் முடியாது. குழாயோ அவர்களுக்குள் கிருமியைக் கொண்டுபோனது.

இரண்டாம் உலகப் போரின்போது ஒருவர் இதை மாற்றினார். நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். குழாயை உள்ளேயே விட்டுவைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. கிருமி நீக்கிய குழாயை, கை படாமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்தி நீரை இறக்கிவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும் என்றார். அதுவும் டாக்டரே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் வீரர்கள் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்களை அவர் சும்மா படுக்கவிடவில்லை. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரை வில்லெடுத்து அம்பெய்ய வைத்தார். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டின் தொடக்கம் அதுதான். நம் பிள்ளைகள் பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கும்போது கைதட்டுகிறோம். அந்த மேடைக்குக் கீழே, சிறுநீர்த் தொற்றை வென்ற ஒரு மருத்துவமனை வார்டு இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கதீட்டருக்கு எதிரான வழக்கு

1958இல் பால் பீசன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மருத்துவ இதழில் ஒரு தலையங்கம் எழுதினார். 'கதீட்டருக்கு எதிரான வழக்கு' என்பது அதன் தலைப்பு. வசதிக்காகவும் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுக்கவும் குழாய் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது ஆபத்தான கருவி என்பது அவர் வாதம்.

காரணம் இருந்தது. அக்காலத்தில் குழாயின் மறுமுனை ஒரு திறந்த பாட்டிலில்தான் தொங்கும். பாட்டிலில் வளரும் கிருமி குழாய் வழியே மேலே ஏறும். திறந்த முறையில் நான்கே நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்துவிடும் என்று அன்றைய ஆய்வுகள் காட்டின. 1966இல் குனின், மெக்கார்மக் என்ற இருவர், குழாயும் பையும் ஒரே தொடராக, எங்கும் திறக்காமல் மூடியிருந்தால் தொற்று பெரிதும் தள்ளிப்போகும் என்று காட்டினார்கள். இன்று நம் வார்டுகளில் தொங்கும் மூடிய பை அதன் பயன்தான்.

'தள்ளிப்போகும்' என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். மூடிய முறையிலும் ஒவ்வொரு நாளும் நூறு பேரில் மூன்று முதல் ஏழு பேருக்குப் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருக்குமே இருக்கும். நாள்தான் இங்கே எதிரி.

ஏன் அப்படி? சிறுநீர்ப்பை நிறைந்து, ஒரே வீச்சில் காலியாவதே உடலின் தற்காப்பு. வாசலில் நுழையும் கிருமியை அந்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். குழாய் போட்டால் அந்த வீச்சு இல்லை. குழாயின் துளை பலூனுக்கு மேலே இருப்பதால் பலூனைச் சுற்றிக் கொஞ்சம் நீர் எப்போதும் தேங்கியே நிற்கும். குழாயின் சுவரில் கிருமிகள் கூட்டமாக ஒட்டி, வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பாசி பிடிக்குமே, அதுபோல. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் சரியாக நுழைவதில்லை.

மாமாவின் குழாயில் நான் பார்த்த வெள்ளைப் படிவத்தின் விளக்கமும் இதில்தான் இருக்கிறது. புரோட்டியஸ் என்று ஒரு கிருமி. நினைத்த உருவம் எடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரை 1885இல் அதற்கு வைத்தார்கள். அது சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். அமோனியா சேர்ந்ததும் சிறுநீர் காரத்தன்மை அடைந்து, கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட் படிகங்களாகக் குழாயின் சுவரில் இறுகும். நெடுங்காலம் குழாய் போட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த அடைப்பு வருகிறது.

பால் கொட்டகையில் அமோனியா வாடையை மாமா வாழ்நாள் முழுக்க முகர்ந்தவர். அங்கே பால் கட்டியாகாமல் காத்த அதே அமோனியா, இங்கே அவர் உடலுக்குள் கல்லைக் கட்டியது.

அடைத்தால் என்ன ஆகும்? நீர் குழாயின் ஓரமாகக் கசியும். அல்லது பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. வேறு தொல்லைகளும் உண்டு. சிறுநீர்ப்பையில் கல். தசைப்பிடிப்பு. இழுபட்டு இழுபட்டுக் குழாய் வழியில் புண்ணும் கிழிசலும். பத்து ஆண்டுக்கு மேல் குழாயோடு வாழ்பவர்களில் மிகச் சிலருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். முதுகுத்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவருக்குக் குழாய் அடைத்தால் இரத்த அழுத்தம் திடீரென எகிறி, தலை வெடிப்பது போல் வலிக்கும். அது அவசரச் சிகிச்சைக்குரியது.

சில வீடுகளில் பை ஊதா நிறமாகிவிடும். பார்த்தவர்கள் பயந்து, செய்வினையோ என்றுகூடச் சந்தேகப்படுவதுண்டு. 1978இலேயே மருத்துவ இதழில் பதிவான விஷயம் அது. மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்கு, உணவிலுள்ள ஒரு புரதச் சத்து குடலில் மாறி, சிறுநீரில் இறங்கி, பையிலுள்ள கிருமிகளால் நீலமும் சிவப்பும் கலந்த சாயமாகிறது. நீலம் என்பது துணிக்குப் போடும் அவுரிச் சாயமேதான்! சாயத்தால் ஆபத்தில்லை. ஆனால் கிருமி இருப்பதற்கு அது ஓர் அடையாளம். டாக்டரிடம் காட்டுவது நல்லது.

வெள்ளியும் கவனமும்

அறிவியல் சும்மா இருக்கவில்லை. ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நெடுநாள் பயன்பாட்டுக்கும் சிலிக்கோன் குழாய் வந்தது. வெள்ளிப் பூச்சுக் குழாயும் வந்தது. கிருமியை வெள்ளி கொல்லும் என்பது பழைய நம்பிக்கை. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,102 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2012இல் முடிவு வந்தது. குறுகிய காலப் பயன்பாட்டில், சாதாரணக் குழாயைவிட வெள்ளிப் பூச்சுக் குழாயால் சொல்லத்தக்க பலன் இல்லை!

அப்படியானால் பலன் தந்தது எது? 1972இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் ஒரு துணிச்சலான வழியைச் சொன்னார். நோயாளியே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான குழாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே செலுத்திக்கொள்ளலாம் என்றார். முழுக் கிருமி நீக்கம் கட்டாயம் இல்லை, சிறுநீர்ப்பை நிரம்பி வீங்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம் என்றார். குட்மனின் முறையையே தளர்த்துகிறாரே என்று பலர் எதிர்த்தார்கள். காலம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கையும் கண்ணும் ஒத்துழைக்கும் நோயாளிகளுக்கு, நிரந்தரக் குழாயைவிட இதுவே நல்லது என்று இன்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. செல்சஸ் காலத்து விருந்தாளி முறைக்கே திரும்பிவிட்டோம் என்று சொல்லலாம்.

நம் அண்டை நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த தொற்றுநோய் மருத்துவர் பால் தம்பையா, அமெரிக்காவில் டென்னிஸ் மேக்கியோடு சேர்ந்து குழாய் போட்ட 1,497 நோயாளிகளை ஆராய்ந்தார். 2000இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, சிறுநீரில் கிருமி சேர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எந்த நோய்க்குறியும் இல்லை. இதன் பொருள் என்ன? சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது தவறு. கிருமி மருந்துக்குப் பழகிவிடும். உண்மையாகக் காய்ச்சல் வரும் நாளில் மருந்து வேலை செய்யாது.

அதே 2000ஆம் ஆண்டில் சஞ்சய் செயிண்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வேறொன்றைக் கேட்டார்கள். 'உங்கள் நோயாளிக்குக் குழாய் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?' என்று டாக்டர்களையே கேட்டார்கள். குழாய் இருந்த நோயாளிகளைப் பொறுத்து, மருத்துவ மாணவர்களுக்கு நூற்றுக்கு 21 தடவை தெரியவில்லை. பொறுப்பிலிருந்த மூத்த டாக்டர்களுக்கு 38 தடவை தெரியவில்லை! தேவையில்லாமல் இருந்த குழாய்களே அதிகம் மறக்கப்பட்டிருந்தன.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்கு நடந்தது ஒரு தனி மருத்துவமனையின் குறையாகவே எனக்கு அதுவரை பட்டது. உலகம் முழுக்க நடக்கும் மறதி அது. 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் குழாயால் வந்த தொற்றுக்குக் கூடுதல் பணம் தரமாட்டோம் என்று அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் அறிவித்தது. குழாய் இன்னும் தேவையா என்று தினமும் நினைவூட்டும் முறைகள் பல நாடுகளின் வார்டுகளில் வந்துள்ளன. நம் நாட்டு வார்டுகளில் 'சி.பி.டி.' என்று சுருக்கமாக எழுதுவார்கள். நோயாளியின் கோப்பில் அந்த மூன்று எழுத்தைக் கண்டால், விசாரிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்று பொருள்.

நாம் கேட்க வேண்டியது

நேயர்களே, குழாயே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சிறுநீர் முழுதாக அடைத்துக்கொண்டவருக்கு அது உயிர் காக்கும் கருவி. சிலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படலாம். யாரும் டாக்டரைக் கேட்காமல் வீட்டில் குழாயைப் பிடுங்கிவிடாதீர்கள்; உள்ளே பலூன் இருக்கிறது.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். அது முற்றினால் சிறுநீர்ப்பையின் நரம்பும் கெடும். பக்கவாதம், பிராஸ்டேட் வீக்கம் ஆகியவையும் வயதோடு வருகின்றன. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தக் குழாய் வரும் நாள் ஒன்று இருக்கலாம். அன்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதற்காகப் போட்டீர்கள்? எப்போது எடுப்பீர்கள்? வீட்டுக்குப் போன பிறகு யாரிடம் வர வேண்டும்? பதிலை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். நெடுநாள் தேவை என்றால், இடைவிட்டுச் செலுத்தும் முறை பொருந்துமா என்றும் கேளுங்கள். குழாயின் வகையைப் பொறுத்து 4 முதல் 12 வாரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வீட்டில், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். தரையில் கிடக்க வேண்டாம். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயையும் பையையும் காரணமில்லாமல் பிரிக்காதீர்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். மலச்சிக்கல் வராமல் பாருங்கள். பழைய மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். நீர் இறங்காமல் வயிறு வலித்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, முதியவர் திடீரென்று பிதற்றினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் அன்று விடியும் வரை காத்திருந்தோம்.

இன்று கதீட்டர் ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மாமா வெட்டிய தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அவர் வாளியில் சேர்த்த பால் எந்த ஊரில் எந்த நோயாளிக்குக் குழாயாகப் போய் உதவியதோ, யாருக்குத் தெரியும். அவருக்குப் போட்ட குழாயைப் பற்றி மட்டுமாவது நாங்கள் தெரிந்து வைத்திருக்கலாம்.

அந்த வார்டில் அந்த இளம் டாக்டர் கேட்ட கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்காக அதை முதல் நாளே நீங்கள் கேட்டுவிடுங்கள்.